ஒரு விரலில் இருபத்திரண்டு பேர்

கச்சிராயபாளையம் வட்டாரத்தில் நான் குத்தாத விரல் கம்மி. காய்ச்சல் என்று யார் படுத்தாலும் விரல் நுனியில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு பொட்டு ரத்தம், ஓரத்தில் பென்சிலால் ஒரு நம்பர். முப்பது வருஷத்துக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. சுகாதார ஆய்வாளர் என்று அரசாங்கம் பெயர் வைத்திருக்கிறது. மலையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மலேரியாக்காரர் என்றால்தான் கதவைத் திறப்பார்கள், இல்லாவிட்டால் சாத்துவார்கள்.

நான் சொல்லப்போவது பெருமைப்படுகிற சமாசாரம் இல்லை. ஓய்வு பெற ஒரு வருஷம்கூடப் பாக்கி இல்லாத நேரத்தில் நடந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, மலை ஏறாதே என்றும் சொல்லியிருந்தார். ஏறாமல் எப்படி? மலை என்ன, எனக்காக அடிவாரத்து வடக்கனந்தலுக்கு இறங்கியா வரும்?

ஆடி மாதம் எங்கள் பக்கத்து மலை ஊர்களில் திருவிழா. பிழைக்கப் போனவர்களெல்லாம் திரும்பி வரும் காலம். கேரளத்து மிளகுத் தோட்டம், குடகுக் காப்பித் தோட்டம், பெங்களூரில் கட்டட வேலை, எங்கெங்கிருந்தோ வருவார்கள். கொஞ்ச காலமாக ஆப்பிரிக்காவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் உள்ளதுதான். கீழே சமவெளியில் கிணறுகள் வற்ற வற்ற, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிகள் பெருகின. பிறகு ஆயிரம் அடிக்குக் கீழே போனாலும் புழுதிதான் பறக்கிறது என்று ஆனதும், வண்டிக்காரர்கள் வண்டியைக் கப்பலில் ஏற்றி, தண்ணீர் இருக்கிற நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி போன இடத்துக்கு ஆளும் போக வேண்டுமே. இரும்புக் குழாயைத் தூக்கி மாட்டுவதற்குத் திடமான உடம்பு வேண்டும். சாமையும் தினையும் விதைத்து வயிறு நிறையாத மலைப் பையன்கள் கிடைத்தார்கள். இங்கே தண்ணீர் வற்றியதற்கும், ஒருவன் எங்கோ காட்டில் கொசுவலை இல்லாமல் படுப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா திருநாவலூர்ப் பக்கத்துப் பெண். என் மகள் வயசுகூட இருக்காது. திருவிழாவுக்கு முன்னால் எங்களையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னார்.

"வெளியூர்லேருந்து வந்தவங்கதான் முக்கியம் சார். காய்ச்சல் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் விடாதீங்க. ஓடையில தடுப்பணை கட்டினதுலேருந்து தண்ணி நின்னுக்கினு இருக்குது. கொசு ஜாஸ்தி. வெளியிலேருந்து ஒருத்தர் கொண்டாந்துட்டாப் போதும்."

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியாததையா இந்தப் பெண் சொல்லிவிடப் போகிறது என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம். என் கவலை வேறு. அந்த மாதத்து இலக்கில் எனக்கு இருபத்திரண்டு ஸ்லைடு குறைந்தது, ஆளுக்கொரு ரத்தக் கண்ணாடி என்று இருபத்திரண்டு பேர். அதை முடித்துக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் வரைக்கும் யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து நான் போன மலை ஊருக்கு நாலு கிலோமீட்டர் நடை. பாதி ஏற்றம். மழை பெய்து பாதை வழுக்கியது. இரண்டு முறை உட்கார்ந்து, மூன்றாம் முறை உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தேன். ஊர் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காப்புக் கட்டிவிட்டார்கள்.

கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் இருந்தார். எனக்கு இருபது வருஷப் பழக்கம். மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்.

"காப்பு கட்டி அஞ்சு நாளாவுதுங்க. எட்டாம் நாளு கெடா வெட்டுறவரைக்கும் ஊர்ல ரத்தம் விழக்கூடாது. மொத ரத்தம் ஆத்தாளுக்குத்தான்."

"நான் குத்தறது ஒரு சொட்டுதான் கவுண்டரே."

"அத்தத்தான் சொல்றன். ஒரு சொட்டுகூட ஆவாது. பொம்பளைங்க அருவாமனைய எடுத்து உள்ள வெச்சிட்டாங்க. காயக்கூட கையாலதான் முறிச்சிப் போடறாங்க. ஆம்பளைங்க எவனும் மூஞ்சி வழிக்கல, பாருங்க."

பார்த்தேன். ஊர் முழுக்கத் தாடியோடு இருந்தது. கெஞ்சினேன். கொஞ்சம் கத்தியும் பார்த்தேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை, அதுதான் பெரிய தொல்லை. சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு இறங்கிவிடலாம். இவர்கள் பாவமாகப் பார்த்தார்கள். கடைசியில் கவுண்டரே ஒரு வழி சொன்னார்.

கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவன் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயசிருக்கும். மழமழவென்று சவரம் செய்த முகம். அந்த ஊரில் அன்றைக்கு அது ஒன்றுதான் வழித்த முகம்.

"அவன் காப்புக்கு வெளிய. கட்டின மூணாம் நாளுதான் ஆப்பிரிக்காவுலேருந்து வந்தான். இந்த வருசம் அவன் விருந்தாளிதான், கோயில் வேலை எதுவும் செய்யக்கூடாது. அவன் ரத்தம் விழுந்தா குத்தமில்ல."

"ஒருத்தன்கிட்ட எடுத்து நான் இன்னா பண்றது? எனக்கு இருபத்திரண்டு வேணும்."

"அவன்கிட்டயே இருபத்திரண்டும் எடுத்துக்கோங்க. ஊருக்குன்னு ஒருத்தன் மொட்டை அடிச்சிக்கிட்டா ஊரே அடிச்சிக்கின மாதிரிதானுங்களே. எல்லாம் ஒரே ஊரு ரத்தம்."

கேலியாகச் சொல்லவில்லை. மலை ஏறி வந்த கிழவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில், யோசித்துச் சொன்னார். அவருக்கு அது சரி. ஊருக்காக ஒருவன் விரதம் இருப்பான், ஊருக்காக ஒருவன் தீ மிதிப்பான், ஊருக்காக ஒருவன் விரலைக் கொடுத்தால் என்ன? படித்த நான்தான் அது ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். மறுபடி ஒரு நாள் இந்த நாலு கிலோமீட்டரை ஏற வேண்டும் என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. நாசமாய்ப் போன முழங்கால்.

கவுண்டர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார், நான் எழுதினேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே பத்து விரலையும் நீட்டினான். அவன் பெயரை எந்த ஸ்லைடுக்கும் போடவில்லை. மூன்று வருஷமாக ஊரில் இல்லாதவன் என்று போன கணக்கெடுப்பில் நானே அவன் பெயரை அடித்திருந்தேன். பட்டியலில் இல்லாத ஆளுக்கு எப்படி நம்பர் போடுவது? அவன் மனைவியின் பெயர் வந்தபோது அந்தப் பெண் தூரத்திலிருந்தே கேட்டாள்.

"இன்னாங்க இது, நான் ஒன்னும் குடுக்கலயே, என் பேரையும் எழுதிக்கினாரு?"

"ஒன் புருசன் ரத்தம் ஒனக்கு ஆவாதா?" என்றார் கவுண்டர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குத்திக்கொண்டிருக்கும்போது அவன் பேசிக்கொண்டே இருந்தான். உகாண்டாவில் வேலை. மூன்று பேர் ஒரு தார்ப்பாய்க் கூடாரத்தில் தூங்குவார்கள். போர் போடுகிற இடம் எப்போதும் ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவே. பக்கத்தில் ஒரு குட்டை, அதில்தான் குளியல்.

"மொத தடவ அங்கயும் இப்பிடித்தான் சார் குத்தினாங்க. எனக்கு நாலு தடவ வந்துச்சி இந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரி தூரம், வண்டிய நிறுத்திட்டு யாரு போறது? கடையில மாத்திரை குடுப்பான். ஒரு பட்டை வாங்குவோம். பாதி போட்டா எனக்கு நின்னுடும். மீதிய கூட இருக்கிற ரெண்டு பேருக்குக் குடுத்துடுவேன், அவங்களுக்கும் அடிக்குமே."

சொன்னான். என் காதுபடத்தான் சொன்னான். நான் அப்போது, "அடுத்த வூடு யாரு? வயசு இன்னா?" என்று கவுண்டரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காகத்தான் என்னை அந்த மலைக்கு அனுப்பியிருந்தார்கள். அது என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே ஒரு அறை விடத் தோன்றுகிறது.

ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கிக் கீழே கொண்டுவந்து லேபில் கொடுத்தேன். எங்கள் லேப் அம்மா என்னைவிடப் பத்து வயசு சின்னவர். கண் கெட்டுப்போகும் அளவுக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். நாலாம் நாள் காலையில் நான் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், அந்த மலை ஸ்லைடு இருபத்திரண்டும் பாசிட்டிவ்."

காப்பி டம்ளரை வைத்துவிட்டேன்.

"சாதாரண மலேரியா இல்ல சார். மூளைக்கு ஏறுதே, அது. பால்சிபாரம். மொத ஸ்லைடு பாத்ததும் பயந்துட்டேன். மூணாவதுல சந்தேகம் வந்துச்சி. பத்தாவதுல சிரிப்பு வந்துடிச்சி சார். நாலு வயசுக் கொழந்தைக்கும் எழுவது வயசுக் கெழவருக்கும் ஒரே அளவா இருக்குமா? யாரு விரலு சார் அது?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கிருமி பிறை பிறையாக் கெடக்குது. கொசு கடிச்சா அடுத்த ஆளுக்குப் போறது அந்தப் பிறைதான், ஒங்களுக்கே தெரியும். கூடவே, காய்ச்சலக் கெளப்புற வளையமும் இருக்குது. இன்னிக்கோ நாளைக்கோ அந்த ஆளு படுத்துடுவான். மத்தியானத்துக்குள்ள நான் ரிப்போர்ட் ஏத்தியாவணும். இருபத்திரண்டு பேருன்னு ஏத்தினா சென்னையிலேருந்து அதிகாரிங்க வண்டி வரும். ஒருத்தர்னு ஏத்தணும்னா அது யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

முதலில் எனக்கு நினைவு வந்தது அந்தப் பையன் இல்லை, என் பென்ஷன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். கை தவறி ஸ்லைடெல்லாம் உடைந்துவிட்டது என்று எழுதச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். லேப் அம்மா கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பார். "அரை நாள் டைம் குடும்மா" என்று மட்டும் சொன்னேன்.

கவுண்டருக்குப் போன் போட்டேன். ஒரு பாறை மேல் நின்றால்தான் அங்கே டவர் எடுக்கும். என் அதிர்ஷ்டம், எடுத்தது.

"அவனா? ஒரு வாரந்தான லீவு, கெடா வெட்டு முடிஞ்சி இன்னிக்கி மொத பஸ்ஸுலயே கெளம்பிட்டானே. உளுந்தூர்பேட்டையில வண்டி வருதாம், மெட்ராசுக்குப் போயி பிளேன் ஏறணுமாம். எதுக்குங்க?"

எதற்கென்று சொல்லாமல் வைத்துவிட்டேன்.

சுகாதார நிலையத்தில் லேப் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு ஆளுக்கு உண்டான மாத்திரையைக் கையில் கொடுத்தார். வழக்கமான பையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர். போகிற வழியெல்லாம் லாரி, பஸ், வேன். இந்த ரோட்டில் முப்பது வருஷமாகப் போகிறேன், ஒரு நாளும் தோன்றாதது அன்றைக்குத் தோன்றியது. இதில் போகிறவன் எவன் எந்தக் கொசுவிடம் கடிபட்டுவிட்டு எங்கே போகிறான் என்று யாருக்குத் தெரியும்? டோல்கேட்டில் வண்டியை நிறுத்துகிறார்கள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கிறார்கள். இவன் ரத்தத்தை எடுத்தவன் நான் ஒருத்தன்தான், அதுவும் வேறு பெயரில்.

உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓரத்து ஓட்டலில் அவனைக் கண்டுபிடித்தேன். தகரக் கொட்டகைக்குக் கீழே, பெரிய பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தோசை தின்றுகொண்டிருந்தான். கூட இரண்டு பேர். துறையூர்ப் பக்கத்துக்காரர்கள், உகாண்டாவில் இவனோடு அதே போர் வண்டி, அதே கூடாரம். ஒருவன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் அந்த வெயிலிலும் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்று டீ மட்டும் வைத்திருந்தான். ஏஜென்ட் ஒருத்தர் வேன் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க எங்க சார் இங்க? டேய், நான் சொல்லல? என் பத்து விரலையும் குத்தினது இவருதான்டா" என்று சிநேகமாகச் சிரித்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. ஆனால் அறிவுள்ள பையன்.

"நான் நல்லாத்தான சார் இருக்கேன். என் பேருல ஸ்லைடே எடுக்கலயே நீங்க. வேற யாருதாவது இருக்கப்போவுது."

"இருபத்திரண்டும் ஒன்னுதுதான்பா. வேற யாரு கொடுத்தாங்க?"

"காகிதத்துல இன்னா சார் இருக்குது?"

அதற்குள் ஏஜென்ட் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "இவரு பேருல ரிப்போர்ட் இருந்தாக் காட்டுங்க சார். நான் இங்கயே எறக்கி வுட்டுடறேன். இல்லன்னா ஆளை வுடுங்க. பிளேன் நமக்காவ நிக்காது."

என்னிடம் என்ன காகிதம் இருக்கிறது? நாலு வயசுக் குழந்தையின் பெயரில் இருக்கிறது. அவன் மனைவியின் பெயரில் இருக்கிறது. அவன் பெயரில் இல்லை.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், இந்த எடம் போச்சுன்னா மறுபடி கெடைக்காது. மூணு நாள் மாத்திரையக் குடுங்க. முழுசாப் போட்டுக்கறேன். ஆத்தா மேல சத்தியம்."

கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. பைக்குள் கைகூடப் போனது. கொடுத்தால் என் தப்பும் அவனோடு பிளேன் ஏறிப் போய்விடும். ஆனால் லேப் அம்மா பார்த்த அந்த வளையம் இன்றைக்கோ நாளைக்கோ அவனைச் சாய்க்கும். ஊரில் அவனைக் கடித்த கொசு எத்தனை பேரைக் கடிக்கப் போகிறதோ, நான் உண்மையைச் சொல்லாவிட்டால் அங்கே யாரும் போய்ப் பார்க்கவும் மாட்டார்கள். இந்த மாத்திரையையும் இவன் பங்கு போட்டுவிடுவான் என்றும் தோன்றியது. யாருக்குப் பங்கு, ஏன் பங்கு என்று அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"மேடம், அந்த இருபத்திரண்டு ஸ்லைடும் ஒரே ஆளோடது. காப்பு கட்டியிருந்தாங்க, யாரும் விரல் குடுக்கல. நான்தான் ஒருத்தன்கிட்டயே எடுத்து மத்தவங்க பேரைப் போட்டுட்டேன். அந்த ஆளு இப்ப என் பக்கத்துல இருக்கான். பிளேன் ஏறப் போறான்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

"ஒரே ஆளா சார்? இருபத்திரண்டுமா?"

"ஆமாம் மேடம்."

"நான் இதை மேல எழுதித்தான் ஆவணும். தெரியுமில்ல?"

"எழுதுங்க மேடம்."

"அவரை அனுப்பிடாதீங்க. கூட்டிக்கினு வாங்க. ஏஜென்ட்டுகிட்ட நான் பேசறேன்."

ஏஜென்ட் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் அவர் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. தன் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு மற்ற இரண்டு பேரையும் ஏறச் சொன்னார். துண்டு போர்த்தியிருந்தவன் வேனில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி வந்து இவன் தோளைத் தட்டி, "பின்னாடியே வந்து சேரு மச்சான்" என்றான். அவன் கை இவன் தோளில் நடுங்கியதைப் பார்த்தேன். வேன் சென்னைப் பக்கம் போயிற்று. இவன் பையின் மேல் உட்கார்ந்துவிட்டான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

மாத்திரையில் முதல் வேளையை அங்கேயே விழுங்கவைத்து, பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எலவனாசூர் தாண்டினோம். தியாகதுருகம் வரும்போது என் முதுகில் சூடு தெரிந்தது. அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி. பிறகு பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம். வண்டியே ஆடுகிற அளவுக்கு உதறியது அவனுக்கு. என் துண்டால் அவனை என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுவந்து சேர்த்தேனோ, தெரியாது.

இரண்டு நாள் அவனுக்கு நினைவில்லை. மலையிலிருந்து அவன் மனைவி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்தால் யாரென்று கேட்கிறான் என்று அழுதாள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டான். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "பிளேன்ல ஏறியிருந்தா பொழைச்சிருக்க மாட்டாரு சார்" என்றார். அதைக் கேட்டு வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன்.

அதற்கப்புறம் வாராவாரம் மலை. அவனைக் கடித்த கொசுவின் உடம்பில் கிருமி முற்றப் பத்துப் பதினைந்து நாள், அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் வர இன்னும் பத்து நாள். ஒரு தரம் எடுத்து இல்லை என்று விட்டுவிட முடியாது. அந்த நாலு கிலோமீட்டரை ஒரு தடவை ஏறச் சோம்பியவன் ஆறு தடவை ஏறினேன். வேறென்ன, சொந்தச் செலவில் சூனியம். காப்புக் கழற்றியிருந்ததால் இப்போது யாரும் மறுக்கவில்லை. கவுண்டர்தான் முதலில் விரலை நீட்டுவார். நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்க மாட்டார். வீடுகளுக்கு மருந்து அடித்தோம், கொசுவலை கொடுத்தோம், தடுப்பணைத் தண்ணீரில் மீன் விட்டோம். அவரவர் பெயரில் அவரவர் ரத்தம். ஆறு வாரமும் ஒருவருக்கும் இல்லை.

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். விசாரணை ஓய்வுக்குள் முடியுமா, இழுக்குமா என்று தெரியாது. ஆனால் மாதக் கூட்டத்தில் டாக்டரம்மா, "வெளியிலேருந்து வந்த கேஸ் ஒன்னு, உள்ளூர்ப் பரவல் இல்ல. ஒன்னோட நிறுத்திட்டோம்" என்று படித்தபோது, எனக்குள்ளே கொஞ்சம் கர்வம் இருந்தது. தப்புப் பண்ணினவன் நான், திருத்தினவனும் நான்தானே என்று. மனசு இருக்கிறதே, வெட்கம் கெட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் கடைசிப் பரிசோதனைக்கு அவன் வந்தான். அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்லைடு எடுத்தேன். லேப் அம்மா பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். இதற்கு அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சார், அன்னிக்கி உளுந்தூர்பேட்டையில துண்டு போத்திக்கினு ஒருத்தன் இருந்தானே. போயிட்டான் சார்."

"எப்ப?"

"அங்க போயி எறங்கின நாலாம் நாளு. பிளேன்லயே ஒதறிக்கினு இருந்தானாம். கூட இருந்தவன் கடையில மாத்திரைப் பட்டை வாங்கி, ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியாப் போட்டிருக்காங்க. ஒடம்பைக் கொண்டாரவே ஒரு மாசம் ஆயிடிச்சி. எனக்கு நேத்துதான் தெரியும்."

நான் மேஜையில் இருந்த பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கி ஒங்க பையில ஊசி இருந்திச்சா சார்?"

"இருந்திச்சி."

"கண்ணாடி?"

"அதுவும் இருந்திச்சி."

"அவன் விரல்லயும் ஒரு குத்து குத்தியிருக்கலாமே சார்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலத்தான் கேட்டான். அன்றைக்கு அந்த ஓட்டலில் அந்தத் துண்டையும், குடிக்காமல் ஆறிப்போன டீயையும், நடுங்கிய கையையும் நான் பார்த்தேன். பார்த்ததும் ஒன்று தோன்றியது. அன்றைக்குத் தோன்றியதையேதான் இப்போது அவனிடம் சொன்னேன்.

"அவரு நம்ம ஏரியா இல்லப்பா."

 அதுவும் சரிதான் என்பது போல அவன் தலையை ஆட்டினான். வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நான் சொன்னதில் பொய் இல்லை. துறையூர் என் ஏரியா இல்லைதான்.